மழைக்காலத்தில் கோழிப்பட்டி சேறாகாமல் இருக்க

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு மாதத்தைத் தள்ளுவதே பெரும்பாடு. கோடையில் கட்டாந்தரையாகக் கிடந்த பட்டி, மூன்று நாள் விடாமல் பெய்தால் நாற்றங்காலுக்கு உழுது போட்டதுபோல் ஆகிவிடும். கோழி நாள் முழுக்கக் கிளறும். மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் புல்லை அது எப்போதோ தின்று தீர்த்திருக்கும். அந்த மண்ணில் எச்சமும் மழையும் சேர்ந்தால் சேறாக ஒரு ராத்திரி போதும்.

உடனே பெரும்பாலோர் செய்வது, ஒரு தார்ப்பாயை வாங்கி நாலு பக்கமும் இழுத்து மூடுவது. மழை உள்ளே வராது, வாஸ்தவம்தான். ஆனால் நாலாம் நாள் உள்ளே குனிந்தால் கண் எரியும். பத்துக் கோழி ஒரு நாளைக்குப் போடும் எச்சம் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு சொட்டு மழை படாவிட்டாலும் தினமும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளேயே சேர்கிறது என்று அர்த்தம். அதை வெளியே கொண்டுபோவது காற்று. காற்றை அடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் தரையில்தான் தங்கும்.

ஆக, பட்டிக்கு ஈரம் வரும் வழி மூன்று: மேட்டிலிருந்து ஓடி வருவது, கூரையிலும் பக்கத்திலும் பெய்வது, உள்ளேயே உண்டாவது. வேலையையும் இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். வாய்க்கால் வெட்டாமல் தரையில் கிராவல் கொட்டினாலும், கூரையைச் சரிசெய்யாமல் உமி பரப்பினாலும் பணம்தான் கரையும். கீழே சொல்லும் அளவெல்லாம் பத்துக்குப் பத்து அடி வலை கட்டிய பட்டி, பத்துக் கோழி என்ற கணக்கில். அதற்கு மேல் கோழி இருந்தால் மழைக்கு முன்பே குறைத்துவிடுங்கள். இடம் நெருக்கடியானால் எந்தத் தரையும் தாங்காது.

புரட்டாசி முடிவதற்குள் இந்த வேலைகளை முடிக்கப் பாருங்கள். பல வீடுகளில் அந்த மாதம் கறி கிடையாது. கோழிக்கும் நிம்மதி, நமக்கும் மண்வெட்டி பிடிக்க நேரம் கிடைக்கும்.

ஓடி வரும் தண்ணீர்

முதலில் மண்வெட்டியை எடுக்காதீர்கள். நல்ல மழை ஒன்று பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு பட்டியருகே அரை மணி நேரம் நில்லுங்கள். எந்த மூலையில் தண்ணீர் நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்து அங்கங்கே ஒரு குச்சியை நட்டுவையுங்கள். வெயில் நாளில் கண்ணுக்குச் சமமாகத் தெரியும் கொல்லையில் தண்ணீருக்கு மட்டும் மேடு பள்ளம் தெரியும். வீட்டு மாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். பல இடங்களில் பட்டியைச் சேறாக்குவது அந்தக் குழாய்தான். ஒரு வளைவுக் குழாயும் பத்தடி பிவிசியும் வாங்கி அதை வேறு பக்கம் திருப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வாய்க்கால் பட்டியின் மேட்டுப் பக்கமும் இரு பக்கவாட்டிலும் ‘ப’ வடிவில் வர வேண்டும். அகலம் ஒரு அடி, ஆழம் முக்கால் அடி. பட்டிச் சுவரை ஒட்டி வெட்டாதீர்கள். கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு அரை அடி வெளியே இருக்கட்டும். ஒட்டி வெட்டினால் முதல் மழையிலேயே கரை சரிந்து, கம்பத்தின் அடிமண்ணையும் இழுத்துப்போகும். வாட்டம் பத்து அடிக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் சரி. அதைவிடக் குறைந்தால் தேங்கிக் கொசு பிடிக்கும். ரொம்ப அதிகமானால் வாய்க்காலே அரித்து ஓடையாகும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை ஒரு மணி நேரம் இரவல் வாங்கினால் மட்டம் பார்த்துவிடலாம். வெட்டிய மண்ணைப் பட்டிப் பக்கம் வரப்பாகப் போட்டு மிதித்துவிடுங்கள். வெளிப்பக்கம் போட்டால் வர வேண்டிய தண்ணீரை அதுவே மறிக்கும். வெட்டி முடித்ததும் மேட்டு முனையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே இன்னும் ஒரு கொத்து.

வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தை மண்தான் முடிவுசெய்கிறது. ஈரோடு, கோவைப் பக்கத்துச் செம்மண்ணில் மூன்றடி நீள அகல ஆழத்தில் ஒரு குழி வெட்டி உடைந்த செங்கல்லால் நிரப்பினால் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கல் போக அதில் மிஞ்சும் இடம் முந்நூறு லிட்டர் அளவுதான். விடாத மழைக்கு அது காணாது. நிரம்பினால் வழிந்தோட ஒரு வாய் வேண்டும். டெல்டாவின் களிமண்ணிலும் கரிசலிலும் இந்தக் குழியால் பிரயோசனமே இல்லை. கார்த்திகையில் அங்கே வெட்டிய குழி கிணறுபோல் நிரம்பி நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் தரையை உயர்த்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. கொல்லைத் தண்ணீரை வாழைக்குத் திருப்புவது வழக்கம்தான். அடைமழையில் மூட்டில் தண்ணீர் நின்றால் வாழை அழுகும் என்பதால் தென்னைக்கு விடுவது மேல். கோழி எச்சம் கலந்த இந்தத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ அடுத்த வீட்டுப் பக்கமோ விடாதீர்கள்.

கூரை

கூரையின் வேலை பட்டியை மூடுவதோடு முடியாது. மழை நேராகப் பெய்வது அபூர்வம். அதனால் எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டடி இறவாணம், அதாவது பட்டிக்கு வெளியே நீளும் கூரை ஓரம், வேண்டும், மூன்றடி என்றால் இன்னும் நல்லது. இரண்டடி என்று வைத்துக்கொண்டால் பத்துக்குப் பத்து பட்டிக்குக் கூரை பதினாலுக்குப் பதினாலு ஆகிறது. அதன் மேல் 50 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 900 லிட்டருக்கு மேல். 200 லிட்டர் டிரம் நாலரை.

தகரக் கூரை என்றால் ஒரு பக்கச் சரிவு போதும். உயரப் பக்கம் எட்டடி, தாழ்ந்த பக்கம் ஆறடி வையுங்கள். வடகிழக்குப் பருவக் காற்றின் மழைச் சாரல் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். அதனால் தாழ்ந்த பக்கம் அந்தத் திசையைப் பார்த்து இருக்கட்டும். உயரப் பக்கத்தைக் கிழக்கே வைத்துவிட்டு, சாரல் உள்ளே வருகிறதே என்று புலம்புவது நிறைய இடங்களில் நடக்கிறது. கொல்லையின் மேடும் கிழக்கிலேயே இருந்தால், அந்தப் பக்கம் விழும் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பள்ளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சரிவை மாற்றாதீர்கள்.

தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பக்கவாட்டில் ஒன்றரை வளைவும், நீளவாக்கில் ஆறு அங்குலமும் மேலே ஏற வேண்டும். வளைவுத் தகரத்தில் திருகாணியை மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்டதாகிவிடும். ரப்பர் வாஷர் இல்லாமல் அடிக்கவே கூடாது. அதையும் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவோடு நிறுத்துங்கள். டிரில் மெஷின் கையில் இருக்கிறதென்று நசுங்கும்வரை முறுக்கினால் ரப்பர் விண்டு, ஒன்றிரண்டு வருட வெயிலில் வெடித்துப் போகும். ஒழுகும் கூரைகளைப் பார்த்தால் தகரம் நன்றாகவே இருக்கும், வாஷர்தான் போயிருக்கும்.

ஒழுகல்போலத் தெரிந்தாலும் ஒழுகலாக இல்லாத ஒன்று உண்டு. விடியற்காலையில் தகரத்தின் அடியிலிருந்து சொட்டும், ஆனால் ராத்திரி மழையே பெய்திருக்காது. கோழிகளின் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு வேர்ப்பதுதான் அது. மழை பெய்யும்போது ஒரே இடத்தில் சொட்டினால் ஓட்டை. மழை இல்லாத விடியலில் சட்டம் நெடுகப் பரவலாகச் சொட்டினால் வேர்வை. இரண்டாவதற்கு எம்-சீல் பூசிப் பலனில்லை. மேல் பக்கத்தில் காற்று போக வழி வேண்டும். தகரத்தின் மேல் ஒரு வரிசை தென்னங்கீற்றைப் போட்டுக் கட்டினால் வேர்ப்பது நன்றாகக் குறையும், மழைச் சத்தமும் அடங்கும், பங்குனி வெயிலுக்கும் ஆகும்.

முழுக்கவே கீற்றுக் கூரை என்றால் செங்குத்தாகச் சரிய வேண்டும். நடுமோட்டிலிருந்து ஓரம் வரை ஏழடி அகலம் என்றால் அந்த ஏழடியில் ஐந்து ஆறடி இறக்கம். தகரத்துக்குப் போடும் சரிவில் கீற்றைப் போட்டால் ஊறி, அடுத்த மழைக்குள் மக்கும்.

கையில் தார்ப்பாய்தான் இருக்கிறது என்றால் அதையும் பயன்படுத்தலாம், தட்டையாக மட்டும் கட்டக் கூடாது. பத்துக்குப் பத்து தார்ப்பாயில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கினால் எடை 470 கிலோ வரும். கயிறு அறும், இல்லையென்றால் கம்பம் சாயும். ராத்திரியில் கோழி அதன் அடியில் மாட்டும். நடுவில் மூங்கில் மோடு கொடுத்து, இரண்டடிக்கு ஒரு குறுக்குக் கழி வைத்து, இருபுறமும் சரியும்படி இழுத்துக் கட்டுங்கள். நெய்த பச்சை வலை வெயிலுக்கானது. மழைத்துளியை அது சிதறடிக்குமே தவிரத் தடுக்காது.

கூரைத் தண்ணீர் கீழே விழும் இடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஆறடி உயரத்திலிருந்து மண்ணில் விழும் தண்ணீர் ஒரு அடிக்கு மேல் சேற்றைத் தெளிக்கும். வலையின் அடிப்பாகம் சிவந்து கிடந்தால் காரணம் இதுதான். சொட்டும் கோட்டின் நெடுக ஒரு அடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லியை நாலு அங்குல உயரத்துக்குப் பரப்பினால் தெளிப்பு நின்றுவிடும். அல்லது நாலு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் ஒன்றரை அங்குல அகலத்துக்குக் கீறி, தகர ஓரத்தை அந்தக் கீறலுக்குள் நுழைத்து, மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். பத்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு. முனையில் டிரம் வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: 200 லிட்டர் டிரம் பதினோரு மி.மீ. மழைக்கே நிரம்பிவிடும். வழியும் குழாயை வாய்க்காலில் விடுங்கள், வாயைக் கொசுவலையால் கட்டுங்கள்.

பக்கங்கள்

அடியில் ஒன்றரை அடி செங்கல் சுவர், அதற்கு மேல் அரை அங்குலக் கண் வெல்டுமெஷ் கம்பிவலை. இதுதான் நிலைத்து நிற்கும் அமைப்பு. சுவர் தெளிப்பைத் தடுக்கும். மெஷ் காற்றை விடும், கீரியையும் மரநாயையும் விடாது. சுவரின் தலையை வெளிப்புறம் சரியும்படிப் பூசச் சொல்லுங்கள். தட்டையாகப் பூசினால் தண்ணீர் உள்ளே வழியும். சுவர் கட்ட வசதி இல்லையென்றால் பழைய தகரத் துண்டு ஒன்றரை அடி உயரத்துக்கு, அரை அடி மண்ணுக்குள் புதைத்து நிறுத்துங்கள்.

சாரல் அடிக்கும் வடக்கு, கிழக்குப் பக்கங்களுக்குப் படுதா. பழைய சாக்கைத் தைத்துப் போடலாம், ஆனால் அது நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும். 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை) தார்ப்பாய் உத்தமம். கட்டும் முறைதான் இதில் முக்கியம். படுதாவைக் கீழே நிலையாகக் கட்டி, மேலே இழுத்துக் கட்டுங்கள். மேலே ஒரு அடி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். ஈரக்காற்று போவது அந்த இடைவெளியில்தான். இறவாணம் இரண்டடி இருந்தால் அந்த ஒரு அடிக்குள் சாரல் பெரிதாக வராது. வீட்டு ஜன்னல் திரைபோல மேலே மாட்டிக் கீழே தொங்கவிட்டால் நேர் எதிர்: குளிர்காற்று அடியில் புகுந்து கோழியின் நெஞ்சில் அடிக்கும், நாற்றக் காற்று மேலேயே தங்கும்.

படுதாவின் அடி ஓரம் சுவருக்கு வெளியே அரை அடி தொங்குகிறதா என்று பாருங்கள். உள்பக்கம் செருகியிருந்தால் படுதாவில் விழும் அத்தனை தண்ணீரும் தரையில் பரப்பிய உமிக் கூளத்தில்தான் இறங்கும். பாதி இறக்கிய படுதா மடிப்பில் பைபோலத் தண்ணீர் சேரும். இறக்கும்போது சுருட்டிக் கட்டுங்கள்.

தெற்கும் மேற்கும் திறந்தே இருக்கட்டும். புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு பாயைத் தயாராக வையுங்கள். புயல் கரையைக் கடக்கும்போது காற்றின் திசை மாறும். அதுவரை வடக்கிலிருந்து அடித்தது, பிறகு தெற்கிலிருந்து அடிக்கலாம். அந்த ஒரு ராத்திரிக்கு நாலு பக்கமும் மூடினாலும் தப்பில்லை, மறுநாள் காலை திறந்துவிட வேண்டும்.

தரை

பட்டித் தரை சுற்றுப்புறத்தைவிடக் குறைந்தது முக்கால் அடி உயரம் இருக்க வேண்டும், களிமண் என்றால் ஒன்றரை அடி. முதலில் மேலே இருக்கும் கறுத்த வழவழப்பு மண்ணை மூன்று நாலு அங்குலம் சுரண்டி எடுத்துக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோங்கள். அதன் மேலேயே மண் கொட்டினால் எச்சமண் அடியில் புளித்து, மழைக்கு மழை நாற்றம் மேலே வரும். களிமண்ணில் பழைய பச்சை வலையை இரண்டாக மடித்து விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போகும்.

வலையின் மேல் ஒன்றரை அங்குல ஜல்லி அல்லது செங்கல் உடைசல் நாலு அங்குல உயரத்துக்கு. நூறு சதுர அடிக்கு 33 கன அடி ஆகும். அதற்கு மேல் செம்மண் கிராவல் ஐந்து அங்குலம். தண்ணீர் தெளித்துத் திமுசுக்கட்டையால் அடித்து இறுக்கினால் கிராவல் அமுங்கும் என்பதால் 42 கன அடி தேவைக்கு 55 வாங்குங்கள். நூறு கன அடி ஒரு யூனிட் என்று விற்பார்கள். அரை யூனிட்டுக்குச் சற்று மேல் என்று சொன்னால் டிராக்டர்காரருக்குப் புரியும். நடுவில் இரண்டு அங்குலம் உயர்ந்து ஓரத்துக்குச் சரியட்டும். கிரஷர் தூசியை மேலே போட வேண்டாம். மலிவுதான், ஆனால் நனைந்தால் சிமெண்டுபோல் இறுகித் தண்ணீரைத் தேக்கும்.

சிமெண்ட் தரையே போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். இரவில் அடையும் கூண்டுக்கு நல்லது, எலி தோண்டாது. பட்டிக்கு வேண்டாம். கூளம் ஒருமுறை நனைந்தால் தண்ணீர் கீழே போக வழியில்லாமல் ஊறிக்கிடக்கும். கோழிக்கும் கிளற ஒன்றும் இருக்காது.

முதலில் சேறாவது வாசல்தான். மனிதர் கால், கோழிக் கால், தீவனச் சட்டி எல்லாம் அந்த இரண்டடிக்குள்தான் புழங்கும். வாசலுக்கு உள்ளும் வெளியும் மூன்றடிக்கு மூன்றடி ஜல்லி, நிலைப்படியாக இரண்டு வரிசைச் செங்கல். இது போதும்.

கூளம்

தரையின் மேல் நாலு அங்குலத்துக்கு உமி. நூறு சதுர அடிக்குச் சுமார் 100 கிலோ பிடிக்கும். உமி அதிகம் உறிஞ்சாது, ஆனால் கட்டிதட்டாமல் உதிரியாக இருக்கும், கிளறக் கிளறக் காயும். தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். குடித்ததை விடாது என்பதுதான் அதன் குறை. அடைமழையில் அதை மட்டும் போட்டால் நனைந்த பஞ்சுமேல் கோழி நடப்பதுபோல் இருக்கும். மூன்று பங்கு உமிக்கு ஒரு பங்கு நார்க்கழிவு கலந்தால் இரண்டின் குணமும் கிடைக்கும். கடலைத்தோல் நன்றாகக் காய்ந்ததாக இருந்தால் போடலாம். பூசணம் படிந்ததைத் தொடாதீர்கள். வைக்கோல் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் அது பாயாகப் படியும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைத் தூள் கோழியின் நுரையீரலைக் கெடுக்கும், குஞ்சுகளை இன்னும் சீக்கிரம்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் லேசாகச் சேர்ந்து நின்று பிறகு உதிர்ந்தால் சரியான பதம். கொழுக்கட்டைபோல் பிடித்த வடிவிலேயே நின்றால் ஈரம் அதிகம். பிடிக்கவே பிடிக்காமல் தூசி பறந்தால் ரொம்பக் காய்ந்திருக்கிறது. மூக்காலும் பார்க்கலாம், ஆனால் நின்றபடி மோந்தால் தெரியாது. குத்தவைத்து, கோழித் தலை உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோங்கள். அந்த உயரத்தில் மூக்கு சுருங்கினால் கோழிக்கு அது நாள் முழுக்க இருக்கும் அம்மோனியா. கண் கலங்குவது, முட்டை குறைவது எல்லாம் அதற்குப் பிறகு வரும்.

வாரத்தில் இரண்டு தடவை கூளத்தை அடிவரை புரட்டுங்கள், அடைமழை நாளில் ஒன்றுவிட்டு ஒரு நாள். முள்வாரி போதும். கட்டிதட்டியதைத் தூக்கி வெளியே போட்டு, அந்த இடத்தில் மட்டும் புது உமி போடுங்கள். பிடிப்பு விடாத ஈரம் என்றால் நூறு சதுர அடிக்கு ஒரு கிலோ நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தூவிப் புரட்டலாம். தூவியதும் அம்மோனியா ஒரு தடவை குப்பென்று கிளம்பும் என்பதால் கோழிகளை வெளியேற்றிவிட்டு, காற்று போகப் படுதாவை இறக்கித் திறந்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே உள்ளே விட வேண்டும். நீற்றாத கல்சுண்ணாம்பை ஒருபோதும் போடாதீர்கள், ஈரம் பட்டதும் கொதித்துக் காலைப் புண்ணாக்கும்.

தண்ணீர்ச் சட்டியும் ஏறுகட்டையும்

வெளியிலிருந்து சொட்டுத் தண்ணீர் வராத பட்டியிலும் ஒரு மூலை மட்டும் சொதசொதவென்று இருந்தால் அங்கே தண்ணீர்ச் சட்டி இருக்கும். கோழி குடிக்கும்போது பாதியை உதறும். சட்டியைத் தரையில் வைத்தால் கிளறிக் கவிழ்க்கும். அதன் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வர வேண்டும். வளர்ந்த நாட்டுக்கோழிக்கு மூன்று செங்கல் அடுக்கினால் சரியாக வரும். அதையும் கூளத்தின்மேல் வைக்காமல், ஓரத்தில் இரண்டடிச் சதுரத்துக்குச் செங்கல் பாத்தி கட்டி, ஜல்லி நிரப்பி, மேலே மெஷ் போட்டு அதன்மேல் வையுங்கள். சிந்துவது ஜல்லிக்குள் போய்விடும். கோழி கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாய் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு நிப்பிளுக்கு அடியிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டுகூட ஒரு நாளில் கூளத்தை நனைக்கும்.

ராத்திரி ஏறுகட்டையில் உட்கார்ந்தபடி போடும் எச்சம் ஒரே வரிசையில் விழும். அதன் அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் சாக்கையோ பலகையையோ விரித்துத் தினமும் காலையில் உதறிவிட்டால் கூளத்தில் சேரும் ஈரத்தில் பெரும் பங்கு அப்படியே வெளியே போய்விடும். இரண்டு நிமிட வேலை. மேலே சொன்ன எந்தச் செலவும் செய்ய முடியாதவர்கள்கூட இதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

ஒரு மூலையில், கூரைக்கு அடியில், மணலும் அடுப்புச் சாம்பலும் சம அளவு கலந்த ஒரு தொட்டி வையுங்கள். ஈரமண்ணில் கோழியால் புழுதிக்குளியல் போட முடியாது, பேன் ஏறும்.

ஏற்கெனவே சேறாகிவிட்டதென்றால்

மழை நடுவில் கிராவல் அடிக்க முடியாது. கோழிகளைத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ ஒரு நாள் அடையுங்கள். வெளியே வாய்க்காலை மட்டுமாவது, வளைந்து நெளிந்திருந்தாலும் பரவாயில்லை, வெட்டிவிடுங்கள். பிறகு உள்ளே தேங்கியதை வடித்து, கொழகொழப்பை மண்வாரியால் வழித்தெடுங்கள். அடியில் கெட்டித் தரை தட்டும்வரை வழிக்க வேண்டும். சேற்றின் மேலேயே உமி கொட்டுவதுதான் இந்த நேரத்தில் எல்லோரும் செய்யும் தவறு. அரை நாள் பார்க்க அழகாக இருக்கும், மறுநாள் உமியும் சேர்ந்து சேறாகும். வழித்த இடத்தில் செங்கல் உடைசலோ ஜல்லியோ மூன்று அங்குலம், அதன்மேல் பிளந்த மூங்கில் தட்டியோ கழிவு மரச்சட்டங்களோ போட்டால் கோழி நிற்க ஈரமில்லாத இடம் கிடைக்கும். சாப்பாடும் தண்ணீரும் அங்கேயே. மழை விட்டு மூன்று நாள் வெயில் அடித்தபின் முழு வேலையைப் பாருங்கள்.

ஈரத்தோடு வரும் நோய்கள்

மூன்றிலிருந்து எட்டு வாரக் குஞ்சுகள் கூம்பி நின்று, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல். இந்தக் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு விழுந்து, ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் இரண்டு நாளில் நோய் தரும் பக்குவத்துக்கு வந்துவிடும். காய்ந்த கூளத்தில் அவ்வளவு சுலபத்தில் வராது. கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் அதே நாளில் கூளத்தையும் மாற்ற வேண்டும். மருந்து மட்டும் கொடுத்தால் மறுபடி வரும். மழைக்காலத்தில் குஞ்சுகளைப் பட்டித் தரையில் விடாமல், ஒன்றரை அடி உயரத்தில் மெஷ் தளம் போட்ட கூண்டில் வைப்பது நல்லது. அங்கே சூட்டுக்குப் பல்பு போடுகிறவர்கள் வயரில் ஒட்டுப்போட்ட இடம் நனையும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொண்டும் கோழியின் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நாள்பட்ட ஈரத்தில் தோல் ஊறி வெடித்து, கறுத்த பொருக்கோடு வீங்கியிருக்கும். கொண்டையில் மருபோல அம்மைக் கொப்புளம் வந்தால் அது கொசு பரப்பியது. வாய்க்காலில் எங்கோ தண்ணீர் நிற்கிறது. வெள்ளைக்கழிச்சல் ஈரத்தால் வருவதில்லை. அதற்குத் தடுப்பூசிதான் வழி, மழை தொடங்குமுன் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

தீவனம் நனையாவிட்டாலும் காற்றின் ஈரத்திலேயே பூசணம் பிடிக்கும். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு இரண்டிலும் இது அதிகம். இந்த இரண்டு மாதமும் பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூடியுள்ள டிரம்மில் போட்டு, தரையிலிருந்து ஒரு அடி உயரப் பலகையில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். நிறம் மாறியதையோ முடைநாற்றம் அடிப்பதையோ காயவைத்துக் கொடுக்கக் கூடாது. காய்ந்தாலும் அதிலுள்ள நஞ்சு போகாது.

தை பிறந்து வெயில் ஏறியதும் கூளத்தை மொத்தமாக அள்ளிவிடலாம். அள்ளியதைச் செடி மூட்டில் நேராகப் போடாதீர்கள், சூட்டில் வேர் கருகும். நிழலில் குவித்து, நனைத்து, மாதம் ஒருமுறை புரட்டி மூன்று மாதம் மக்கவிட்டால் சித்திரைப் பட்டத்துக் காய்கறிக்கு ஆகும். கூளம் போன தரையை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, எலி வளை தெரிகிற இடத்தில் ஜல்லியும் சிமெண்டும் கலந்து அடையுங்கள். அடுத்த ஐப்பசியில் தண்ணீர் முதலில் தேடி வருவது அந்த வளையைத்தான்.